இளமை மட்டும் போதுமா?

விஞ்ஞானி என்றதும் உங்கள் மனக்கண் முன் தோன்றும் உருவம் எது? நரைத்த தலை, தடித்த மூக்குக் கண்ணாடி, வெள்ளை மேலங்கி, கையில் ஒரு கண்ணாடிக் குடுவை. நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இந்த உருவமே குடிகொண்டிருக்கிறது. இது நமக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. டேவிட் சேம்பர்ஸ் என்னும் ஆய்வாளர் 1966 முதல் 1977 வரை கனடா உள்ளிட்ட மேல்நாடுகளைச் சேர்ந்த 4,807 சிறுவர் சிறுமியரிடம் ஒரு விஞ்ஞானியின் படத்தை வரையச் சொன்னார். முடிவுகளை 1983-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அத்தனை படங்களுள் பெண் விஞ்ஞானியைக் காட்டியவை 28 மட்டுமே. அந்த 28 படங்களையும் வரைந்தவர்கள் சிறுமியரே. ஒரு சிறுவன்கூடப் பெண்ணை வரையவில்லை.

இந்தப் பழைய உருவத்தை அழிக்க வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. அதற்காகவே இன்று அறிவியல் இயக்கங்களும், இதழ்களும், ஆராய்ச்சி நிலையங்களும் இளம் விஞ்ஞானிகளை முன்னிறுத்துகின்றன. பள்ளி விழாவுக்கு ஓர் இளம் ஆராய்ச்சியாளர் அழைக்கப்படுகிறார். அவர் பெற்ற பட்டங்களும் பரிசுகளும் வாசிக்கப்படுகின்றன. "இவர் உங்களைவிடப் பத்து வயதே மூத்தவர். இவரால் முடிந்தது உங்களால் முடியாதா?" என்று தலைமை தாங்குபவர் கேட்கிறார். அரங்கில் கைதட்டல் எழுகிறது.

நோக்கம் நல்லதுதான். ஆனால் நோக்கம் நல்லதாக இருந்தால் முறையும் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் பின்வரிசை மாணவி என்ன நினைக்கிறாள்? "ஆம், என்னாலும் முடியும்" என்றா? "இவர் பிறவி மேதை, நம்மால் ஆகாது" என்றா? மேடையில் இருப்பவர் இளையவர் என்பதனாலேயே அவர் நமக்கு நெருங்கியவர் ஆகிவிடுவாரா? இதைத்தான் இக்கட்டுரையில் ஆராயப் போகிறோம்.

இளமைக்கு உள்ள வலிமை

முதலில் இம்முறைக்குச் சாதகமானவற்றைச் சொல்லிவிடுவோம். 2015-16 கல்வி ஆண்டில் பிரான்சு நாட்டில், பாரிஸ் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பெரிய சோதனை நடைபெற்றது. அறிவியல் துறைகளில் பணிபுரியும் பெண்கள் வகுப்பறைகளுக்குச் சென்று மாணவர்களுடன் உரையாடினார்கள். ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு சந்திப்பு. சுமார் ஒரு மணி நேரம். சில வகுப்புகளுக்குச் சென்றார்கள், சில வகுப்புகளுக்குச் செல்லவில்லை. எவ்வகுப்புக்குச் செல்வது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. மொத்தம் ஏறக்குறைய 20,000 மாணவர்கள் இச்சோதனையில் அடங்கினர்.

பயன் இருந்ததா? இருந்தது. பள்ளி இறுதி வகுப்பில் நன்றாகப் படித்து வந்த மாணவியரிடையே, ஆண்களே மிகுதியாகச் சேரும் கடினமான அறிவியல், பொறியியல் படிப்புகளைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணிக்கை கூடியது. பத்தாம் வகுப்பினரின் பாடத் தேர்விலோ குறிப்பிடத்தக்க மாறுதல் தென்படவில்லை. ஒரு மணி நேரப் பேச்சு ஒரு பெண்ணின் படிப்பையே திருப்பிவிட முடியும் என்றால் அது சிறிய செய்தி அன்று.

ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. வந்தவர் எல்லாரும் ஒரே அளவு பயன் விளைவிக்கவில்லை. "அறிவியலில் பெண்கள் குறைவு" என்பதையே திரும்பத் திரும்ப வலியுறுத்தியவர்களால் விளைந்த பயன் குறைவு. அறிவியல் பணி எப்படிப்பட்டது, அதில் ஒருவரின் வாழ்க்கை எவ்வாறு அமையும் என்பதை நம்பிக்கை தரும் வகையில் எடுத்துக் காட்டியவர்களால் விளைந்த பயன் அதிகம். வயதும் பாலினமும் கதவைத் திறந்தன. உள்ளே அழைத்துச் சென்றது அவர்கள் சொன்ன செய்தியே ஆகும்.

நானூறு அடித் தாளில் கால் அங்குலம்

அப்படியானால் என்ன செய்தியைச் சொல்ல வேண்டும்? இதற்கு இயற்பியல் வரலாற்றிலிருந்து ஓர் உண்மைக் கதையை எடுத்துக்கொள்வோம்.

ஜோசலின் பெல் 1943-இல் வட அயர்லாந்தில் பிறந்தவர். பதினோரு வயதில் எழுத வேண்டிய தேர்வில் அவர் தேர்ச்சி பெறவில்லை. பள்ளியில் அறிவியல் வகுப்புத் தொடங்கிய நாளில் மாணவர்களை ஆய்வுக்கூடத்துக்கும், மாணவியரைச் சமையல் கலை வகுப்புக்கும் அனுப்பினார்கள். பெற்றோர் சண்டையிட்ட பிறகே அவருக்கு ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்று, 1965-இல் கேம்பிரிட்ஜுக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்தார். சுற்றியிருந்தவர்களின் தன்னம்பிக்கையைக் கண்டு அவர் மிரண்டார். தம்மைத் தவறுதலாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள், விரைவில் வெளியேற்றிவிடுவார்கள் என்று அவர் எண்ணியதுண்டு. வெளியேற்றும் நாள்வரை இயன்ற அளவு கடுமையாக உழைப்பது என்று முடிவு செய்துகொண்டார்.

அங்கே அவருடைய முதல் வேலை என்ன தெரியுமா? சம்மட்டி பிடிப்பது! பேராசிரியர் ஆன்டனி ஹ்யூவிஷ் திட்டமிட்ட வானொலித் தொலைநோக்கி ஒன்றைக் கட்ட வேண்டியிருந்தது. நாலரை ஏக்கர் நிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரக் கம்பங்களை நட்டு, 2,048 சிறு அலைவாங்கிகளைப் பொருத்தி, ஏறத்தாழ 120 மைல் நீளமுள்ள கம்பிகளால் அவற்றை இணைத்தார்கள். ஒரு சிறு குழு இரண்டு ஆண்டுகள் இதற்கு உழைத்தது. அக்குழுவில் பெல்லும் ஒருவர்.

இந்தத் தொலைநோக்கி எதற்காக? வானத்தில் விண்மீன்கள் மினுக்குகின்றன, கோள்கள் அவ்வளவாக மினுக்குவதில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் பொருளின் ஒளிதான் காற்றில் அலைந்து மினுக்கும். வானொலி அலைகளிலும் இப்படி ஒன்று நிகழ்கிறது. சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின் காற்றைக் கடந்து வரும்போது, மிகச் சிறிய கோண அளவுள்ள மூலங்களின் அலைகள் மினுக்குகின்றன. அதைக்கொண்டு குவாசார்களைக் கண்டறியலாம் என்பதே திட்டம்.

1967 ஜூலையில் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. கணிப்பொறி பகுத்துக் கொடுக்கும் காலம் அன்று அது. எழுதுமுனை தாளில் கோடு வரைந்துகொண்டே போகும். நாள் ஒன்றுக்கு 96 அடித் தாள். வானத்தை ஒரு முறை முழுதாகப் பார்த்து முடிக்க நான்கு நாட்கள்; அதாவது சுமார் 400 அடித் தாள். அத்தனையையும் பெல் கண்ணால் பார்த்துப் பகுத்தார். மினுக்கும் மூலம் எது, பூமியில் நாமே உண்டாக்கும் இடையூறு எது என்று பிரித்தறியப் பழகினார். சில வாரங்களில் இரண்டிலும் சேராத ஒரு சிறு கீறல் அவர் கண்ணில் பட்டது. நானூறு அடித் தாளில் அது பிடித்த இடம் கால் அங்குலம்! இதே கீறலை இதே வானப் பகுதியில் முன்பும் பார்த்திருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது. பழைய தாள்களைப் புரட்டினார். இருந்தது.

விரைவாக ஓடும் தாளில் பதிவு செய்தால் கீறலின் உள்ளமைப்புத் தெரியும். ஆகவே நவம்பர் மாதம் நாள்தோறும் குறித்த நேரத்தில் கருவியிடம் சென்று நின்றார். வாரக்கணக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு நாள் ஒரு சொற்பொழிவைக் கேட்கச் சென்றுவிட்டார். அன்றைக்குப் பார்த்து அது வந்து போயிருந்தது! சில நாட்களில், நவம்பர் 28-ஆம் தேதி, கடைசியாக அகப்பட்டது. 1.337 விநாடிக்கு ஒன்றாகச் சீரான துடிப்புகள். இது மனிதர் உண்டாக்கிய அலையாகத்தான் இருக்கும் என்றார் ஹ்யூவிஷ். அவ்வாறு எண்ண நியாயம் இருந்தது. ஆனால் அந்தத் துடிப்பு நாள்தோறும் நம் கடிகாரத்துக்குச் சுமார் 4 நிமிடம் முன்னதாக வந்தது. விண்மீன்கள் ஒவ்வொன்றும் அப்படித்தான் உதிக்கின்றன. அலுவலகமோ தொழிற்சாலையோ நம் கடிகாரத்தை விட்டு விண்மீன் நேரத்தைப் பின்பற்றுமா? மற்றொரு தொலைநோக்கியிலும் அதே துடிப்புக் கிடைத்தது. வேற்றுலகத்தாரின் சைகையோ என்ற பேச்சுக்கூட எழுந்தது.

டிசம்பரில் ஒரு மாலை, இதை எப்படி அறிவிப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டு பெல்லுக்கு எரிச்சல் வந்தது. டாக்டர் பட்டத்துக்கான வேலை பாதியில் நிற்க, வேற்றுலகத்தார் தம்முடைய தொலைநோக்கியைத்தானா தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சலித்துக்கொண்டார். அன்றிரவே மீண்டும் தாள்களுடன் அமர்ந்தார். வானத்தின் வேறொரு மூலையில் இரண்டாவது கீறல் கிடைத்தது. குளிரில் கருவி சரியாக வேலை செய்யாது. பின்னிரவில் போய் அதன்மேல் மூச்சை ஊதியும் திட்டியும் ஐந்து நிமிடம் இயங்கச் செய்தார். இம்முறை 1.2 விநாடிக்கு ஒரு துடிப்பு. வானத்தின் இரு வேறு திசைகளில் இருந்து இரு வேற்றுலகத்தார் ஒரே காலத்தில் சைகை காட்ட மாட்டார்கள் அல்லவா? இது ஒரு புது வகை விண்மீன் என்பது உறுதியாயிற்று. 1968 பிப்ரவரி 24-ஆம் தேதி 'நேச்சர்' இதழில் செய்தி வெளியாயிற்று. துடிப்பு விண்மீன்கள் என்று நாம் இன்று பாடத்தில் படிப்பவை இவையே. வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் இவை என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால் பெல்லின் டாக்டர் பட்ட ஆய்வேட்டில் இக்கண்டுபிடிப்புப் பின்னிணைப்பாகவே இடம்பெற்றது. ஏனெனில் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் குவாசார்கள்!

மூன்று விதமாகச் சொல்லப்பட்ட ஒரே கதை

அப்போது பெல்லுக்கு வயது 24. இளம் விஞ்ஞானி என்பதற்கு இவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைக்குமா? ஆனால் உலகம் அவரை எப்படி மக்களிடம் காட்டியது என்று பாருங்கள்.

முதலாவது, 1968-இல் செய்தித்தாள்கள் சொன்ன விதம். கண்டுபிடிப்பின் முக்கியத்துவம் என்ன என்று செய்தியாளர்கள் ஹ்யூவிஷிடம் கேட்டார்கள். பெல்லிடமோ, இளவரசி மார்கரெட்டைவிட உயரமா, எத்தனை ஆண் நண்பர்கள் என்று கேட்டார்கள். புகைப்படக்காரர்கள் மேட்டின் மேல் நில், உட்கார், கையை வீசிக்கொண்டு ஓடி வா என்றார்கள். இளமை அங்கே ஓர் அலங்காரப் பொருள் ஆயிற்று. அந்தப் படங்களைப் பார்த்த ஒரு பள்ளி மாணவிக்கு ஒரு துடிப்பு விண்மீனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடுகளவும் தெரிந்திருக்காது.

அலங்காரம் பயனற்றது என்பது மட்டுமன்று, கெடுதியும் செய்யக்கூடும். 2012-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், அறிவியலில் சிறந்தவர்களாகவும் நாகரிக உடையும் ஒப்பனையும் உடையவர்களாகவும் சித்திரிக்கப்பட்ட இளம் பெண்களைப் பற்றி நடுநிலைப் பள்ளி மாணவியருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அறிவியலில் ஏற்கெனவே நாட்டம் குறைந்த மாணவியர் இதைப் படித்தபின் ஊக்கம் பெறவில்லை, இருந்த ஊக்கத்தையும் இழந்தனர். அறிவியலிலும் சிறக்க வேண்டும், அழகிலும் குறையக்கூடாது என்றால் அது தம்மால் எட்டக்கூடியதன்று என்று அவர்களுக்குத் தோன்றியது.

இரண்டாவது, நாம் இன்று சொல்லும் விதம். 1974-இல் நோபெல் பரிசு ஹ்யூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் அளிக்கப்பட்டது. பெல்லின் பெயர் விடுபட்டது. வானியல் அறிஞர் பிரெட் ஹாயில் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். இன்று பெல்லைப் பற்றி எழுதுபவர்களில் பலர் இந்த அநீதியிலிருந்து தொடங்கி இந்த அநீதியிலேயே முடிக்கிறார்கள். அநீதியைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் படித்த மாணவி எதைத் தெரிந்துகொள்கிறாள்? உழைத்தால் பரிசு போய்விடும் என்பதைத்தான்! நாலரை ஏக்கரும் நானூறு அடித் தாளும் இக்கதையில் மறைந்துவிடுகின்றன.

மூன்றாவது விதம், பெல் தாமே சொல்லும் விதம். கம்பம் நட்டது, பயந்தது, ஒரு நாள் கோட்டைவிட்டது, எரிச்சல் பட்டது ஆகிய எல்லாவற்றையும் அவர் மறைக்காமல் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 2018-இல் அவருக்கு 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசு கிடைத்தபோது, அத்தொகை முழுவதையும் இயற்பியல் ஆராய்ச்சிக்கு வரத் தயங்கும் பிரிவினருக்கு உதவித்தொகையாக வழங்கக் கொடுத்துவிட்டார். வெளியாளாக உணர்ந்த தம் இளமைக் காலத்தை அவர் மறக்கவில்லை.

இந்த மூன்றில் எது ஒரு மாணவரை ஆய்வுக்கூடத்தின் பக்கம் இழுக்கும்? சந்தேகத்துக்கே இடமில்லை, மூன்றாவதுதான். ஏனெனில் அதில்தான் ஏறிய படிகள் தெரிகின்றன.

கப்பலுக்கு முன்னால் நடந்தது

நம் மண்ணில் பிறந்த ஒரு கதையையும் பார்ப்போம். சந்திரசேகர் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே விண்மீன்களின் பொருண்மை வரம்பைக் கணக்கிட்டுவிட்டார், அதற்காக 1983-இல் நோபெல் பரிசு பெற்றார் என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். செய்தி பொய்யன்று. 1930-இல் அப்பயணத்தின்போதுதான் அவர் அந்த முடிவை முதலில் எட்டினார். ஆனால் இப்படிச் சுருக்கிச் சொன்னால் அது இடி விழுந்தது போன்ற கதை ஆகிவிடுகிறது. இடி யார் தலையில் விழும் என்று யார் கண்டார்?

கப்பலுக்கு முன்னால் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. 1928-இல் ஜெர்மானிய அறிஞர் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவரான சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்று, அவருடைய அணு அமைப்பு நூலைப் படித்திருப்பதாகக் கூறினார். சாமர்ஃபெல்டின் பதில் இளைஞரைத் திடுக்கிட வைத்தது. அந்நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் வந்து எல்லாம் மாறிவிட்டது என்றார். ஆனால் அத்துடன் அனுப்பிவிடவில்லை. உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதி அச்சாகிக்கொண்டிருந்த கட்டுரையின் பிரதியை அந்த மாணவரிடம் கொடுத்தார். சந்திரசேகர் அதிலிருந்து புதிய புள்ளியியலைக் கற்று, அதைப் பயன்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜிலிருந்த ஃபௌலர் அதே புள்ளியியலை வெண் குள்ள விண்மீன்களுக்குப் பயன்படுத்தியிருந்தார் என்பதையும் அறிந்து அதையும் கற்றார். கப்பலில் அவர் சேர்த்தது ஒரு படி. அந்த எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது ஐன்ஸ்டீனின் சார்பியலைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே அது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அவர் சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன். தந்தை ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. குடும்பத்தில் கல்வி வாசனை நிறைந்திருந்தது. இதைச் சொல்வதால் அவர் பெருமை ஒரு சிறிதும் குறையாது. மாறாக, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் மாணவர், "19 வயதில் அவர் செய்ததை நான் செய்யவில்லையே" என்று தம்மைத் தாழ்த்திக்கொள்ளாமல் இருக்க அது உதவும். அவருக்கு இருந்த எது எனக்கு இல்லை, அதை எங்கே தேடிக்கொள்ளலாம் என்று கேட்க வைக்கும்.

இடர்களைச் சொன்னால் பயந்துவிடுவார்களா?

"நீங்கள் சொல்வதுபோல் தோல்வியையும் சலிப்பையும் சொல்லத் தொடங்கினால், வருகிற நாலு பேரும் ஓடிவிடுவார்களே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் இதற்கு மாறான விடையையே கண்டிருக்கிறார்கள்.

தைவானில் இயற்பியல் படித்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவினர் கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டீன் ஆகியோரின் சாதனைகளைப் படித்தனர். மற்றொரு குழுவினர் அதே அறிஞர்கள் பட்ட இன்னல்களைப் படித்தனர். 2012-இல் வெளியான முடிவின்படி, இன்னல்களைப் படித்தவர்களுக்கே பாடத்தில் ஆர்வம் கூடியது. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு நியூயார்க் நகரில் 402 மாணவர்களிடையே நடந்தது. ஐன்ஸ்டீன், மேரி க்யூரி, ஃபாரடே ஆகியோரின் போராட்டங்களைப் படித்தவர்களின் அறிவியல் மதிப்பெண்கள், சாதனைகளை மட்டும் படித்தவர்களின் மதிப்பெண்களைவிட உயர்ந்தன. மதிப்பெண் குறைந்தவர்களுக்கே இதனால் அதிக நன்மை.

2020-இல் வெளியான இன்னோர் ஆய்வு மேலும் சுவையானது. ஒரு விஞ்ஞானி பட்ட பாடு ஒரே விதமாக எழுதப்பட்டு, சிலரிடம் அவர் ஐன்ஸ்டீன் என்றும், சிலரிடம் எடிசன் என்றும் சொல்லப்பட்டது. எடிசன் என்று படித்தவர்களே கணக்கில் அதிக ஊக்கம் காட்டினர். ஐன்ஸ்டீன் பிறவி மேதை, எடிசன் உழைப்பாளி என்று மாணவர்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தது. ஒருவரை மேதை என்று முத்திரை குத்திவிட்டால் அவருடைய இன்னல்கூட நமக்குப் பாடமாவதில்லை என்பதை இதிலிருந்து அறிகிறோம். மேடையில் 'இளம் மேதை' என்று அறிமுகம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லால் தாம் அழைத்து வந்தவரைத் தாமே தூரத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

எழுபது வயதில் நெருங்கியவர்

தமிழ்நாட்டில் மாணவர்கள் தம்மவராகக் கொண்டாடிய விஞ்ஞானி யார் என்று கேட்டால், அப்துல் கலாம் என்று ஐயமின்றிச் சொல்லலாம். 1931-இல் பிறந்த அவர் 2002-இல் குடியரசுத் தலைவரானபோது அவருக்கு வயது எழுபது. இளமை ஒன்றே நெருக்கத்தைத் தருவதானால் இது எப்படி நடந்தது?

இராமேசுவரத்தில் அவர் செய்தித்தாள் போட்டதும், பொறியியல் படிப்புக்குப் பணம் கட்டச் சகோதரி நகையை அடகு வைத்ததும் மாணவர்களுக்குத் தெரியும். விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேர் எடுக்கப்பட, ஒன்பதாவதாக நின்று ஏமாந்ததும் தெரியும். அவர் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1979 ஆகஸ்டு 10 அன்று கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று வெற்றி பெற்றது. இடைப்பட்ட பதினொரு மாதங்களையும் அவர் மறைக்காமல் சொன்னார். ஆகவே எழுபது வயதுக்காரரும் பதினைந்து வயதுக்காரருக்கு அருகில் வர முடிந்தது. வந்த வழியைச் சொல்லாத இருபத்தைந்து வயதுக்காரர் எட்டாத தொலைவிலேயே நிற்பார்.

என்ன செய்யலாம்?

கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில், இளம் ஆராய்ச்சியாளர்களை அழைக்கும் நிறுவனங்களுக்கும், வந்து பேசும் இளைஞர்களுக்கும் சில வேண்டுகோள்கள்.

பட்டியலைக் குறையுங்கள். பரிசுகளின் பெயர்களை வாசிக்கும் பத்து நிமிடத்தில், அவர் சென்ற வாரம் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தார் என்று சொல்லலாம். வெற்றிடப் பம்பில் கசிவைத் தேடி நான்கு நாள் போனது என்றால், அதைக் கேட்கும் மாணவருக்கு ஆராய்ச்சி என்பது என்ன என்று முதன்முறையாக விளங்கும்.

உடன் உழைத்தவர்களைச் சொல்லுங்கள். தனி ஒருவர் செய்த அற்புதம் என்ற கதை அறிவியலுக்குப் பொருந்தாது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் ஒரு வானொலித் தொலைநோக்கி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். துடிப்பு விண்மீன்களை ஆராயவும் அது பயன்பட்டு வருகிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் கட்டப்பட்டு 1970-இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர்; அகலம் 30 மீட்டர். மலைச்சரிவின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகையான 11 பாகைக்குச் சமமாக இருக்கும்படி இடம் தேர்ந்தார்கள். அதனால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு மூலத்தைப் பல மணி நேரம் பின்தொடரலாம். சரிவைத் தேடி அலைந்தவர், கம்பி இழுத்தவர், மின்னணுச் சுற்றுகளை அமைத்தவர் என்று எத்தனை பேர் உழைத்திருக்க வேண்டும்! கணக்கில் கெட்டியல்லாத, ஆனால் கைவேலையில் தேர்ந்த மாணவருக்கும் அறிவியலில் இடம் உண்டு என்பது இப்படிச் சொன்னால்தான் தெரியும்.

பிழைப்பைப் பற்றியும் பேசுங்கள். ஆராய்ச்சி உதவித்தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டு, அதன் பின் வேலைக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டியிருந்தது என்பவற்றை மறைப்பதால் பயனில்லை. நம் மாணவர்களில் பலர் படித்து முடித்ததும் குடும்பத்தைத் தாங்க வேண்டியவர்கள். அவர்களுக்கு இது முதல் கேள்வி. ஆனால் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

மொழியைப் பற்றிச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கில நூலைத் திறக்கும் மாணவருக்கு முதல் ஆண்டு பெரும் திணறல். அதே திணறலைப் பட்டு மீண்ட ஓர் இளம் ஆராய்ச்சியாளர், எந்த நூலில் தொடங்கினார், அகராதியுடன் எத்தனை மாதம் போராடினார் என்று சொன்னால் அது எந்தப் பரிசுச் செய்தியையும்விட மேலானது.

வாசகர்களாகிய மாணவர்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை ஓர் இளம் விஞ்ஞானி உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ வந்தால், கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள். எழுந்து கேளுங்கள். என் வயதில் உங்களுக்கு எந்தப் பாடம் வரவில்லை? எந்தத் தேர்வை எழுதி இந்த நிலையத்தில் சேர்ந்தீர்கள்? அதைப் பற்றி உங்களுக்கு முதலில் சொன்னவர் யார்? கோடை விடுமுறையில் மாணவர்களை உங்கள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்வீர்களா? யாருக்குக் கடிதம் எழுத வேண்டும்? கிடைக்கும் பதில்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றுள் ஒன்றாவது நாளைக்கே நீங்கள் செய்யக்கூடிய காரியமாக இருந்தால், வந்தவர் உங்களுக்கு உண்மையான முன்மாதிரி. அவருக்கு வயது இருபத்தைந்தா எழுபதா என்பது பிறகு.